சிசிஎன்ஏ செக்யூரிட்டியும் பெரியம்மாவின் வளையலும்

பி.காம் படிக்கிற பொண்ணுக்கு சிஸ்கோ சர்ட்டிபிகேட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்க, தப்பில்லை. எங்கள் வகுப்பிலேயே ரெண்டு பேர் கேட்டுவிட்டார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் வருகிற வாரத்தில் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறாளே என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் எங்கள் வீட்டில் கடந்த ஒரு மாதமாக சாப்பாட்டு நேரத்துப் பேச்சு இதுதான். முப்பதாயிரம் ரூபாய் சம்பந்தப்பட்ட பேச்சு.

முதலில் நம்ம சைடு ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி என்று எந்தப் பக்கம் போனாலும் மாடிப்படி ஓரத்தில் ஒரு போர்டு இருக்கும். டேலி, ஹார்டுவேர், நெட்வொர்க்கிங், ஸ்போக்கன் இங்கிலீஷ், எல்லாம் ஒரே மாடியில். அதில் இன்னமும் சில போர்டுகளில் "டேலி இஆர்பி 9" என்றுதான் இருக்கிறது. டேலி பிரைம் வந்தது 2020 நவம்பரில். போர்டு மாற்ற காசு செலவாகும், அதனால் மாற்றவில்லை, சரி. டேலியில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. பழையதில் பழகிய கை ரெண்டு நாளில் புதியதுக்கு வந்துவிடும். ஆனால் அதே போர்டில் கீழே இருந்த "சிசிஎன்ஏ செக்யூரிட்டி" என்கிற வரியை நம்பிப் பணம் கட்டினவர்கள் கதை வேறு.

கட்டினவர்களில் ஒருவர் எங்கள் பெரியப்பா பையன். எனக்கு அண்ணன். பெயர் வேண்டாம், படித்துவிட்டுத் திட்டுவான்.

அண்ணனும் பி.காம்தான். 2017இல் முடித்தான். முடித்ததும் பெரியப்பா சொன்ன மாதிரி பேங்க் எக்ஸாம் எழுதாமல், நெட்வொர்க்கிங் படிக்கிறேன் என்று கிளம்பிவிட்டான். அப்போது சிஸ்கோவில் முதல் படி சிசிஎன்ஏ ரூட்டிங் அண்ட் ஸ்விட்சிங். அதை ரெண்டு பரீட்சையாகப் பிரித்தும் எழுதலாம், ஒன்றுக்கு 165 டாலர். அண்ணன் அப்படித்தான் பிரித்து எழுதினான். ஒரே அடியாகக் கட்ட வீட்டில் வசதி இல்லை. 2018இல் சர்ட்டிபிகேட் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் வேலையும் வந்தது. தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போகிற பஸ்ஸில், ஊரே வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது இவன் எதிர்த்திசையில் போவான்.

அங்கே போனதும் அவனுக்குப் புரிந்தது, கேபிளும் ஸ்விட்சும் பார்க்கிறவர்களை விட ஃபயர்வால் பார்க்கிறவர்களுக்குச் சம்பளம் அதிகம் என்று. ஃபயர்வால் பக்கம் போக அடுத்த படி சிசிஎன்ஏ செக்யூரிட்டி. 2008இல் சிஸ்கோ ஆரம்பித்த சர்ட்டிபிகேட் அது. இதை வாங்க ஏற்கெனவே சிசிஎன்ஏ ரூட்டிங் அண்ட் ஸ்விட்சிங்கோ, அதற்கும் கீழே சிசிஎன்ட் என்று ஒன்று இருந்ததே, அதுவோ கையில் இருக்க வேண்டும். அண்ணனிடம் இருந்தது. 2019 அக்டோபரில் நம்ம தென்சென்னைப் புறநகரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தான். சனி, ஞாயிறு வகுப்பு. கோர்ஸ் ஃபீஸ் 12,000 ரூபாய். பரீட்சை ஃபீஸ் தனி.

இந்த இடத்தில் தேதியைக் கொஞ்சம் கவனியுங்கள் மக்களே.

2019 ஜூன் 10ஆம் தேதி சிஸ்கோ ஒரு அறிவிப்பு வெளியிட்டது. 2020 பிப்ரவரி 24 முதல் எங்கள் சர்ட்டிபிகேட் முறையே மாறுகிறது, பழைய பரீட்சைகளை எழுதக் கடைசி நாள் பிப்ரவரி 23. சிசிஎன்ஏவில் அதுவரை ரூட்டிங் அண்ட் ஸ்விட்சிங், செக்யூரிட்டி, வயர்லெஸ், டேட்டா சென்டர், கிளவுட், கொலாபரேஷன் என்று தனித்தனியாக இருந்ததெல்லாம் ஒன்றாகி, ஒரே சிசிஎன்ஏ. ஒரே பரீட்சை, அதன் எண் 200-301. சிசிஎன்ட் அடியோடு கிடையாது.

ஆக, அண்ணன் அக்டோபரில் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கோர்ஸுக்கு சாவு தேதி குறித்து நாலு மாசம் ஆகியிருந்தது. வாங்கின ஆள் சொல்லவில்லை. சேர்க்கை ஃபாரத்தில் இல்லை. சார் தெரியாமல் இருந்தாரா, தெரிந்தே விட்டாரா என்பதை இன்றைக்கு வரைக்கும் அண்ணன் கண்டுபிடிக்கவில்லை. ஜனவரி பொங்கல் லீவு முடிந்து போனபோது, கூடப் படித்த ஒருவர்தான் "பாஸ், பிப்ரவரிக்கு மேல இந்த எக்ஸாமே கிடையாதாமே" என்று சொல்லியிருக்கிறார். கையில் இருந்தது அஞ்சு வாரம்.

பரீட்சை ஃபீஸ் 300 டாலர். அப்போது டாலர் சுமாராக 71 ரூபாய். 21,300, அதற்கு மேல் வரி. பெரியம்மா ஒரு வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். அடகுக் கடைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அப்போது நான் ஒன்பதாவது. அடகுக் கடைக்காரர் "என்ன விசேஷம்?" என்று கேட்டார். பெரியம்மா "பையனுக்குப் பரீட்சை" என்றார்கள். அவர் ஏதோ மெடிக்கல் சீட் என்று நினைத்திருப்பார் போல, ரொம்ப மரியாதையாக எடை போட்டார்.

அண்ணன் நைட் ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் படித்து, பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் எழுதி பாஸ் பண்ணினான். வீட்டில் கேசரி.

அடுத்த திங்கட்கிழமை பிப்ரவரி 24. புது முறை அமலுக்கு வந்தது. பழைய சர்ட்டிபிகேட் வைத்திருந்தவர்களை சிஸ்கோ அம்போ என்று விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எந்தப் பிரிவு சிசிஎன்ஏ வைத்திருந்தாலும் அது தானாகவே புது சிசிஎன்ஏவாக மாறும், கூடவே அந்தந்தப் பிரிவுக்கு ஒரு டிஜிட்டல் பேட்ஜ் தருவோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் கணக்கைப் பாருங்கள். ரூட்டிங் அண்ட் ஸ்விட்சிங் புது சிசிஎன்ஏவாக மாறியது. செக்யூரிட்டியும் புது சிசிஎன்ஏவாக மாறியது. இரண்டும் சேர்ந்து ஒன்று. 330 டாலரும் 300 டாலரும் கொடுத்து வாங்கின ரெண்டு பெயர், ஒரு பெயராகிவிட்டது. அவனுக்கு வேண்டியிருந்த "செக்யூரிட்டி" என்கிற வார்த்தை மட்டும் பேட்ஜாகப் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

"படிச்சது எங்கயும் போகல, பாப்பா" என்று அண்ணன் அப்போதும் சொன்னான், இப்போதும் சொல்வான். அது உண்மைதான். ஆனால் ரெஸ்யூமைப் பார்க்கிறவர் படித்ததைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்க்கிறார். 2020 கடைசியில் ரெண்டு இன்டர்வியூவில் எச்ஆர் பக்கம் "சிசிஎன்ஏ செக்யூரிட்டின்னு போட்டிருக்கீங்க, ஆனா வெரிஃபை பண்ணா வெறும் சிசிஎன்ஏதான் வருது?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு சிஸ்கோவின் உள் மாற்றம் எப்படித் தெரியும்? மூன்றாவது இன்டர்வியூவுக்கு அண்ணன் சிஸ்கோவின் அறிவிப்புப் பக்கத்தையே பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டு போனான். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் மாதிரி, சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு சர்ட்டிபிகேட்!

சரி, இனி நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம். என் கிளாஸ் பசங்க இங்கேதான் எழுந்து உட்கார வேண்டும்.

ஒரு சர்ட்டிபிகேட்டைச் சொத்து என்று வைத்துக்கொண்டால் அது கண்ணுக்குத் தெரியாத சொத்து. பேட்டண்ட், காப்புரிமை மாதிரி. சிஸ்கோ சர்ட்டிபிகேட் செல்லுவது மூன்று வருடம். அதற்குள் இன்னொரு பரீட்சை எழுதியோ, அவர்கள் சொல்கிற வகுப்புகளை முடித்து கிரெடிட் சேர்த்தோ புதுப்பிக்க வேண்டும். சிசிஎன்ஏவுக்கு 30 கிரெடிட். ஆக, 21,300 ரூபாய்ச் சொத்து, ஆயுள் மூன்று வருடம், நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 7,100 தேய்மானம். அழகாக இருக்கிறது இல்லையா? இதை எங்கள் சாரிடம் காட்டினால் மார்க்கை வெட்டிவிடுவார். ஏனென்றால் ஏஎஸ் 26 படி பயிற்சிக்குச் செய்த செலவைச் சொத்தாகக் காட்டவே கூடாது. செலவு செய்த வருடத்திலேயே செலவாக எழுதிவிட வேண்டும். முதல்முறை படித்தபோது இது என்ன கஞ்சத்தனமான விதி என்று நினைத்தேன். அண்ணன் கதையை வைத்துப் பார்த்தால் அந்த ஸ்டாண்டர்டை எழுதினவர்களுக்கு உலகம் தெரிந்திருக்கிறது. எதிர்காலப் பலன் நம் கட்டுப்பாட்டில் இருந்தால்தானே அது சொத்து? இங்கே கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது?

இன்னொரு கணக்கும் உண்டு. 200-301 பரீட்சைக்கு 2020இல் வைத்த விலை 300 டாலர். இன்றைக்கும் அதே 300 டாலர். விலையே ஏற்றவில்லை பார்த்தீர்களா என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் டாலர் 71இல் இருந்து 85ஐத் தாண்டிவிட்டது. 85 என்று வைத்தாலே 25,500. ஒருத்தரும் கை வைக்காமல் நாலாயிரத்துச் சொச்சம் ஏறியிருக்கிறது. வரியையும் சேர்த்தால் முப்பதாயிரம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பேச்சு இந்த முப்பதாயிரம்தான். அம்மா போட்ட சீட்டு இந்த வருடம் முடிகிறது.

இங்கே யாராவது "எல்லாப் படிப்பும்தான் சிலபஸ் மாறுது" என்பீர்கள். மாறுகிறதுதான். சிஏவே மாறியது. ஐசிஏஐ 2023 ஜூலை 1 முதல் புதுத் திட்டம் கொண்டுவந்தது. ஆர்ட்டிகல்ஷிப் மூன்று வருடத்தில் இருந்து இரண்டு வருடம் ஆனது. இன்டர், ஃபைனல் இரண்டிலும் எட்டு பேப்பர் ஆறாகக் குறைந்தது. புது முறையில் முதல் பரீட்சை 2024 மே மாதம். பழைய முறையில் இருந்தவர்களை எப்படி மாற்றுவது, எந்தப் பேப்பருக்கு விலக்கு என்பதெல்லாம் அட்டவணை போட்டு வந்தது. எங்கள் சீனியர்கள் சிலர் அப்போதும் புலம்பத்தான் செய்தார்கள். ஆனால் ஐசிஏஐ 1949ஆம் வருடத்துச் சட்டத்தில் பிறந்த அமைப்பு. விதியை மாற்ற வேண்டுமென்றால் கெசட்டில் வர வேண்டும், கேள்வி கேட்க நாடாளுமன்றம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. சிஏ பட்டத்துக்கு மூன்று வருடத்தில் காலாவதி கிடையாது. சிஸ்கோ ஒரு கம்பெனி. தன் ரவுட்டரையும் ஃபயர்வாலையும் கையாளத் தெரிந்த ஆட்களை உலகம் முழுக்க உருவாக்குவது அதற்கு வியாபாரத் தேவை. தேவை மாறினால் பரீட்சை மாறும். இதில் கோபப்பட ஒன்றும் இல்லை, ஆனால் ரெண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறேன்.

மாற்றமே தப்பு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அண்ணனே சண்டைக்கு வருவான். அடுத்த படியான சிசிஎன்பி செக்யூரிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் நாலு பரீட்சை. ஒன்றுக்கு 300 டாலர் என்றால் 1,200. அதை எழுதவே சிசிஎன்ஏ செக்யூரிட்டி முன்னால் வாங்கியிருக்க வேண்டும். புது முறையில் முன்தகுதி எதுவும் வேண்டாம், ரெண்டே பரீட்சை. 350-701 என்கிற பொதுப் பரீட்சை ஒன்று, 400 டாலர். அப்புறம் விபிஎன், ஃபயர்வால், ஐஎஸ்இ என்று இருக்கிற பட்டியலில் இருந்து நமக்குப் பிடித்த ஒன்று, 300 டாலர். மொத்தம் 700. முதல் பரீட்சையை மட்டும் பாஸ் செய்தாலே ஸ்பெஷலிஸ்ட் என்று தனியாக ஒரு சர்ட்டிபிகேட் கையில் வந்துவிடும். பாதியில் பணம் தீர்ந்துபோனால் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. தவணையில் படிக்கிற நம்ம மாதிரி குடும்பங்களுக்கு இது நிஜமாகவே நல்ல மாற்றம். அண்ணனுக்கும் கடைசியில் இதுதான் கை கொடுத்தது. 2021இல் சேர்ந்த கம்பெனியில் ஒரு வருடம் கழித்து அவர்களே 350-701க்குப் பணம் கட்டினார்கள். பாஸ் பண்ணினான். அதிலேயே அவனுடைய சிசிஎன்ஏவும் தானாகப் புதுப்பிக்கப்பட்டது. இப்போது ரெஸ்யூமில் "செக்யூரிட்டி" என்கிற வார்த்தை மறுபடியும் இருக்கிறது. வளையல் அதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டது, வட்டியோடு.

சிஸ்கோ தரப்பு நியாயம் என்னவென்று அண்ணனிடம் கேட்டேன். அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "முன்னாடி நெட்வொர்க் பாக்கறவன் வேற, செக்யூரிட்டி பாக்கறவன் வேற. இப்ப ஒரு சின்ன ஆபீஸ்ல ஸ்விட்ச் மாட்றவனே பாஸ்வேர்டு, ஆக்சஸ் லிஸ்ட், விபிஎன் எல்லாம் பாக்கணும். அத தனிப் பாடமா வெச்சா, முதல் பாடம் படிச்சவன் செக்யூரிட்டி தெரியாமலே வேலைக்குப் போவான்." புது சிசிஎன்ஏவில் பாதுகாப்புக்கு 15 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லோரும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்பது திட்டம். ஆனால் முன்பு ஒரு முழுப் பரீட்சையாக இருந்ததில் இந்த 15 சதவீதத்தில் எவ்வளவுதான் அடங்கும்? ஆழமாகப் படிக்க நினைக்கிற ஆரம்பநிலை ஆளுக்கு நடுவில் ஒரு படி காணாமல் போய்விட்டது. சிசிஎன்ட்டை எடுத்ததில் கீழ்ப்படியும் போனது. சில வருடம் கழித்து சிசிஎஸ்டி என்று ஒரு புதுக் கீழ்ப்படியை அவர்களே கட்டினார்கள். தேவை இருந்தது என்றுதானே அர்த்தம்!

இன்னொரு கிளையும் உண்டு. ஃபயர்வாலைக் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம். ராத்திரி முழுக்க திரையைப் பார்த்து, யாராவது உள்ளே நுழைகிறார்களா என்று கண்காணிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த ரெண்டாவது வேலைக்கு சிசிஎன்ஏ சைபர் ஆப்ஸ் என்று ஒன்று இருந்தது, ரெண்டு பரீட்சை. 2020 மே கடைசியில் அதை ஒரே பரீட்சையாக்கி, 200-201 என்று எண் கொடுத்து, சைபர்ஆப்ஸ் அசோசியேட் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அந்தப் பெயரும் போய் சைபர் செக்யூரிட்டி அசோசியேட் ஆனது. பெயர் வைக்கிற டிபார்ட்மெண்டில் நிறைய பேர் சும்மா இருக்கிறார்கள் போல :)

இந்த 200-201 மேல்தான் எனக்குக் கண். காரணம் சொல்கிறேன். இதில் லாக் படிப்பது, எது வழக்கமான நடமாட்டம் எது வழக்கத்துக்கு மாறானது என்று பிரிப்பது, நடைமுறை விதிகளைப் பின்பற்றுவது எல்லாம் வருகிறது. ஆடிட்டிங் பேப்பரில் நாம் வவுச்சரை வைத்துக்கொண்டு செய்வதற்கும் இதற்கும் ஒரு சொந்தம் இருக்கிற மாதிரி தெரிகிறது. எங்கள் தெருவில் ஒரு அக்கா பி.காம் முடித்துவிட்டு ஐடி ஆடிட் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் ஐசாக்கா நடத்துகிற சிசா வாங்கச் சொன்னார்கள். அதற்கு உறுப்பினர் இல்லாதவர்களுக்கு ஃபீஸ் 760 டாலர். பரீட்சை பாஸ் பண்ணினாலும் ஐந்து வருட அனுபவம் காட்டினால்தான் பட்டம், படிப்புக்காகக் கொஞ்சம் கழிவு உண்டு. அது பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற கடைகளிலும் விசாரித்தேன். மைக்ரோசாஃப்ட் ஒரு காலத்தில் எம்சிஎஸ்இ என்று கொடுத்ததே, நம்ம மாமா சித்தப்பா தலைமுறையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்களே, அதை 2021 ஜனவரி 31ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். முதலில் 2020 ஜூன் என்று சொல்லி, கொரோனாவால் தள்ளிப்போட்டார்கள். அதற்குப் பதில் வந்த வேலைவாரியான சர்ட்டிபிகேட்களுக்கு முதலில் ரெண்டு வருட ஆயுள். 2021 ஜூன் கடைசியில் இருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரே வருடம். ஆனால் புதுப்பிக்கக் காசு கிடையாது, வீட்டில் இருந்தே ஆன்லைனில் எழுதலாம். இதைத்தான் நான் ஒழுங்கான ஏற்பாடு என்பேன். ஆயுளைக் குறைக்கிறாயா, குறைத்துக்கொள், ஆனால் அதற்கு என்னிடம் மறுபடி பணம் கேட்காதே. ஐஎஸ்சி2 என்கிற அமைப்பு வேறு மாதிரி. பத்து லட்சம் பேருக்கு ஆரம்பநிலை சைபர் செக்யூரிட்டி வகுப்பும் பரீட்சையும் இலவசம் என்று 2022இல் அறிவித்தது. சந்தோஷமாக ஓடிப்போய்ப் பார்த்தால், பாஸ் பண்ணின பிறகு வருடா வருடம் 50 டாலர் பராமரிப்புக் கட்டணம். இன்க்ஜெட் பிரிண்டர் சல்லிசு, இங்க் விலை தெரியுமில்லையா, அந்தக் கணக்கு.

போன மாதம் நானும் ஒரு இன்ஸ்டிட்யூட் ஏறி இறங்கினேன். அண்ணன் படித்த இடம் கிடையாது, வேறு. ரிசப்ஷனில் இருந்த அக்கா ரொம்ப அன்பாகப் பேசினார்கள். "சைபர் செக்யூரிட்டி கம்ப்ளீட் பேக்கேஜ், 100 பர்சன்ட் பிளேஸ்மெண்ட்" என்றார்கள். நான் மூன்று கேள்வி எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பரீட்சையின் எண் என்ன? அந்தப் பரீட்சைக்குக் கடைசித் தேதி ஏதாவது அறிவித்திருக்கிறார்களா? நான் படித்துக்கொண்டிருக்கும்போது அறிவித்தால் ஃபீஸில் எவ்வளவு திருப்பித் தருவீர்கள், எழுத்தில் தர முடியுமா? முதல் கேள்விக்கு உள்ளே போய்க் கேட்டு வந்து சொன்னார்கள். ரெண்டாவதுக்கு "அதெல்லாம் சார்ட்ட கேட்டுக்கலாம்மா" என்றார்கள். மூன்றாவதுக்குச் சிரித்தார்கள். அந்த அக்காவுக்கு என் வயசு இருக்கும், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் நான் பணம் கட்டவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது தாம்பரம், வேளச்சேரிப் பக்கம் இந்த மாதிரி கோர்ஸில் சேரப் போகிறீர்கள் என்றால், இந்த மூன்று கேள்வியையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சை எண் தெரிந்தால் போதும், அது உயிரோடு இருக்கிறதா, எப்போது மாறப்போகிறது என்று சிஸ்கோ தளத்திலேயே போய்ப் பார்த்துவிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. எண்ணே சொல்லாமல் "பேக்கேஜ்" என்று மட்டும் சொல்கிற இடத்தில் எதைப் பார்ப்பது?

நான் இப்போது செய்துகொண்டிருப்பது இதுதான். சிஸ்கோவே நெட்வொர்க்கிங் அகாடமி என்று 1997 முதல் நடத்துகிறது. அதில் அடிப்படைப் பாடங்கள் இலவசம். பாக்கெட் டிரேசர் என்று ஒரு மென்பொருளும் இலவசம். நிஜ ரவுட்டர் வாங்காமல் திரையிலேயே ரவுட்டர், ஸ்விட்ச் எல்லாம் இழுத்துப் போட்டு இணைத்துப் பார்க்கலாம். அண்ணனின் பழைய லேப்டாப்பில் போட்டிருக்கிறேன். அது சூடானால் இட்லி வேகும், ஆனாலும் ஓடுகிறது. இப்போது சப்நெட்டிங்கில் நிற்கிறேன். பார்ட்னர்ஷிப் அட்மிஷன் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்கு இது வரும் என்று அண்ணன் சொன்னான். வருகிறது, மெதுவாக.

அப்பா மெப்ஸில் ஒரு யூனிட்டில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். கெமிக்கல், பசை, பெயிண்ட் என்று தேதி போட்ட சரக்குகளோடு இருபது வருடமாக வாழ்கிறவர். கம்ப்யூட்டர் சமாசாரம் அவருக்குப் பிடிபடாது, ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். சைபர் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது எழுதுன தேதிலருந்து மூணு வருஷமா, இல்ல வேலைக்குச் சேந்த தேதிலருந்தா?"

"எழுதுன தேதிலருந்துப்பா."

"அப்ப எதுக்கு இப்பவே வாங்கி ரேக்ல வெக்கற? உனக்கு டிகிரி கைக்கு வர இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அதுலயே மூணுல ஒண்ணு போயிரும். படிக்கறத இப்ப படி. வேலை தேடப் போற மாசத்துல போய் எழுது."

அண்ணனுக்கு போன் பண்ணி இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சித்தப்பாவ 2019லயே கேட்டிருக்கணும்" என்றான். சீட்டுப் பணம் வந்ததும் அம்மா அதை போஸ்ட் ஆபீஸில் ஒரு வருட டெபாசிட்டாகப் போடப் போகிறார்கள்.